ட்ரிப் சுவிட்ச் ஏன் விழுகிறது, எப்போது எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டும்: வன்னி வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழும் வீடுகளில் எலக்ட்ரீசியனிடம் கடைசியில் ஒரு கேள்வி வரும்: "தம்பி, உதைக் கழட்டிப்போட்டு நேரே குடுத்துவிடேலாதோ?" சிலர் அப்படியே கொடுத்தும் விடுகிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சுவிட்ச் விழுவதில்லை. ஆனால் அது விழுந்ததற்கான காரணம் சுவருக்குள்ளோ கிணற்றடியிலோ அப்படியே இருக்கிறது. அடுத்து அதைக் கண்டுபிடிக்கப்போவது அந்த வீட்டில் யாரோ ஒருவரின் ஈரக்கை.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ட்ரிப் சுவிட்சைக் கழற்றி நேரே கொடுக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும். எது விழுந்தது, எப்போது விழுந்தது, அந்த நேரம் வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்ற மூன்றையும் கவனித்தால் பல வீடுகளில் காரணத்தை நீங்களே பிடித்துவிடலாம். பிடிக்க முடியாதபோது யாரைக் கூப்பிடுவது, அவரிடம் என்ன சொல்வது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

மின்சார சபையின் மீற்றரிலிருந்து வரும் வயர் முதலில் மெயின் சுவிட்சுக்குப் போகிறது. அங்கிருந்து ட்ரிப் சுவிட்ச், அதன் பிறகு வரிசையாகச் சின்ன பிரேக்கர்கள். சில வீடுகளில் மெயின் சுவிட்ச் தனிப் பெட்டியில் இருக்கும், சிலவற்றில் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும். வீட்டுக்காரர் பலர் எல்லாவற்றையும் சேர்த்து "ட்ரிப் சுவிட்ச்" என்று சொல்லிவிடுகிறார்கள். போனில் எலக்ட்ரீசியனுக்கு விளங்கப்படுத்தும்போது குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அகலமாக, ஒரு சின்னப் பொத்தானும் இருப்பது ட்ரிப் சுவிட்ச். அது வீட்டுக்குள் போகும் கரண்டையும் திரும்பி வரும் கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போனது முழுவதும் திரும்பி வரவில்லை என்றால், எங்கோ நிலத்துக்கோ ஓர் ஆளின் உடம்பு வழியாகவோ கசிகிறது என்று பொருள். வீட்டுக்குப் பூட்டுவது 30 மில்லி அம்பியர் உணர்திறன் உள்ளது. உறையில் 30 மில்லி அம்பியர் அல்லது 0.03 அம்பியர் என்று அச்சடித்திருக்கும். அந்த அளவு கசிந்தால் 0.3 செக்கனுக்குள் துண்டித்துவிட வேண்டும் என்பது அதன் தரநிலை. அதே உறையில் 40 அம்பியர் என்றும் இருக்கும். அது தாங்கக்கூடிய கரண்டின் அளவு, வேறு விஷயம். உங்கள் சுவிட்சில் 100 அல்லது 300 மில்லி அம்பியர் என்று போட்டிருந்தால் அது ஆளைக் காப்பாற்றும் சுவிட்ச் அல்ல, மாற்ற வேண்டும்.

ஒடுக்கமாக வரிசையில் இருப்பவை பிரேக்கர்கள். லைட்டுக்கு 6 அல்லது 10 அம்பியர், பிளக் பொயின்ட்டுகளுக்கு 16, 20 அல்லது 32 அம்பியர் என்று இருக்கும். இவை கசிவைப் பார்ப்பதில்லை. வயர் தாங்கும் அளவுக்கு மேல் கரண்ட் ஓடினாலோ, லைனும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் (அது திரும்பிப் போகும் வயர்) முட்டினாலோ விழும். பிரேக்கர் காப்பது வயரை, ட்ரிப் சுவிட்ச் காப்பது ஆளை.

கோடையில் காயும் எர்த்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாமல் படியுங்கள். நேரே கொடுக்கச் சொல்பவர்களுக்கு உண்மையான பதில் இதில்தான் இருக்கிறது.

எர்த் என்பது கசியும் கரண்டை நிலத்துக்குள் இறக்கும் வழி. நம் வீடுகளுக்கு அது மின்சார சபையின் லைனோடு வருவதில்லை. நமது வளவில் நாமே இறக்கிய எர்த் கம்பிதான் எர்த். அது எவ்வளவு நல்லது என்பது மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. மாரியில் ஈரமாக இருக்கும் வன்னி மண் வைகாசி தொடங்கி புரட்டாதி வரை காய்ந்து இறுகிவிடும். கம்பியைச் சுற்றிய மண் காயும்போது அதன் தடை ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எர்த்தின் தடை 100 ஓம் என்று வையுங்கள். பிறிஜ்ஜுக்குள் லைன் வயர் கழன்று உடலில் முட்டுகிறது. 230 வோல்ட்டை 100ஆல் வகுத்தால் எர்த் வழியாக ஓடுவது 2.3 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கரை விடுங்கள், 6 அம்பியர் பிரேக்கர்கூட இதற்கு விழாது. பிறிஜ் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் கைபிடியில் உயிரைப் பறிக்கும் வோல்ட் நிற்கும். ட்ரிப் சுவிட்சுக்கோ 2.3 அம்பியர் என்பது அதன் அளவைப் போல எழுபது மடங்குக்கு மேல். கண் இமைக்க முன் துண்டித்துவிடும். அதைக் கழற்றிவிட்ட வீட்டில் இந்தப் பிழையைத் தடுக்க வேறு எதுவும் இல்லை.

இன்னொன்று. வன்னியின் பெரும்பாலான ஊர்களுக்கு 2009க்குப் பிறகுதான் லைன் திரும்பி வந்தது. மீள்குடியேறிய நாள்களில் வீடு கட்டி, கையில் இருந்த காசுக்கு வயரிங் செய்து பூட்டிய ட்ரிப் சுவிட்ச்கள் பலவற்றுக்கு இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டது. முதலில் நான்கு லைட், இரண்டு பிளக் என்று தொடங்கிய வயரிங்கில்தான் பிறகு பிறிஜ், மோட்டர், இன்டக்ஷன் அடுப்பு எல்லாம் ஏறின. சுவிட்ச் அடிக்கடி விழுவதற்குப் பாதிக் காரணம் இந்த வளர்ச்சிதான்.

விழுந்தவுடன் செய்ய வேண்டியது

கையைத் துடையுங்கள், செருப்பைப் போடுங்கள், டோர்ச்சைக் கையில் எடுங்கள். பெட்டிக்குக் கிட்டப் போய் முதலில் மணந்து பாருங்கள். கருகிய மணம், உறையில் கறுப்பு, உருகிய அடையாளம், சூடு, "சர்ர்" என்ற சத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் சுவிட்சை மேலே தூக்கக் கூடாது. தீப்பொறி தெரிகிறது என்றால் மெயின் சுவிட்சையும் தொடாமல், ஆட்களை வெளியே எடுத்துவிட்டு மின்சார சபைக்கு அழையுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் மட்டும் மேலே போகலாம்.

பக்கத்து வீட்டில் லைட் எரிகிறதா என்று எட்டிப் பாருங்கள். அங்கும் இல்லை, உங்கள் பெட்டியில் எதுவும் விழவும் இல்லை என்றால் அது லைன் போன விஷயம். அப்புறம், கடைசி ஐந்து நிமிடத்தில் யார் எதைப் போட்டார்கள் என்று வீட்டில் கேளுங்கள். பிள்ளைகள் சொல்லப் பயப்படுவார்கள். ஏசாமல் கேட்டால் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தால்

இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதை மாற்றாமல் செய்தால்தான் காரணம் பிடிபடும்.

1. எல்லாப் பிரேக்கர்களையும் கீழே இறக்குங்கள்.

2. வீட்டில் செருகியிருக்கும் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். பொயின்ட்டின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அந்தச் சுவிட்ச் லைன் வயரை மட்டும்தான் வெட்டுகிறது, நியூட்ரல் தொடுத்தே இருக்கும். பிறிஜ்ஜிலோ அயனிலோ நியூட்ரல் எர்த்தில் முட்டியிருந்தால் சுவிட்சை அணைத்தாலும் ட்ரிப் சுவிட்ச் விழலாம். பலர் மணிக்கணக்காகத் தேடிக் களைப்பது இதனால்தான்.

3. ட்ரிப் சுவிட்சின் நெம்பை முதலில் முழுவதும் கீழே அழுத்தி, பிறகு மேலே தூக்குங்கள். பாதியில் நிற்கும் நெம்பு நேரே தூக்கினால் பிடிக்காது, பழுதென்று நினைத்துவிடுவோம்.

4. எல்லாம் கழன்ற நிலையிலும் அது நிற்கவில்லை என்றால், இங்கே நிறுத்துங்கள். சுவருக்குள் நியூட்ரல் எர்த்தில் முட்டியிருக்கலாம், சுவிட்சே பழுதாகியிருக்கலாம். இரண்டும் எலக்ட்ரீசியனின் வேலை.

5. நின்றால், பிரேக்கர்களை ஒவ்வொன்றாக, சில செக்கன் இடைவெளி விட்டுத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது ட்ரிப் சுவிட்ச் விழுகிறதோ, பிழை அந்த லைனில். அந்தப் பிரேக்கரைக் கீழேயே விட்டுவிட்டு மற்றவற்றைத் தூக்கினால் மீதி வீட்டுக்குக் கரண்ட் வரும். இரவு பதினொரு மணிக்கு இது நடந்தால், காலை வரை இப்படியே இருங்கள்.

6. எல்லாப் பிரேக்கரும் நின்றுவிட்டால் குற்றவாளி நீங்கள் கழற்றிய சாமான்களில் ஒன்று. ஒவ்வொன்றாகச் செருகி, போட்டுப் பாருங்கள். விழுத்தும் சாமானைத் தனியே வையுங்கள். அதைத் திரும்பவும் ஒருமுறை "சரிபார்க்க" வேண்டாம்.

அதிகம் மாட்டுப்படுபவை சூடாக்கும் சாமான்கள்: கேத்தல், அயன், ரைஸ் குக்கர், ஹீட்டர். அவற்றின் எலிமென்ட்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தூள் ஈரத்தை உறிஞ்சும். மாரி முழுவதும் மூலையில் கிடந்த அயன் திடீரென்று ட்ரிப் ஆக்குவது இதனால்தான். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடிய இடங்களில் கேத்தல் எலிமென்ட்டின் மேல் படிவு ஏறி, உள்ளே சூடு தாங்காமல் வெடித்துக் கசியத் தொடங்கும்.

சிலவேளை ஒரு சாமானும் தனியே விழுத்தாது, எல்லாம் சேர்ந்தால் விழும். 30 மில்லி அம்பியர் சுவிட்ச் 15இல் விழக் கூடாது, 30இல் விழுந்தே ஆக வேண்டும்; நடுவில் எங்கும் விழலாம். பழைய பிறிஜ் கொஞ்சம், மோட்டர் கொஞ்சம், கணினி கொஞ்சம் என்று கசிந்து கூடினால் ஒரு நாள் எல்லை தாண்டும். இதை அளந்து பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது, எலக்ட்ரீசியனைத்தான் கூப்பிட வேண்டும்.

பிரேக்கர் விழுந்திருந்தால்

தூக்கிய மறுகணமே "டக்" என்று விழுகிறதா, அல்லது கொஞ்ச நேரம் நின்று விழுகிறதா? இரண்டும் வேறு நோய்.

நின்று விழுந்தால் பாரம் கூடிவிட்டது. 16 அம்பியர் பிரேக்கர் 230 வோல்ட்டில் கொடுக்கக்கூடியது 3680 வாட். 2022இல் காஸ் கிடைக்காத நாள்களில் பல வீடுகளுக்கு இன்டக்ஷன் அடுப்பு வந்தது. அது 2000 வாட். அதே லைனில் கேத்தல் இன்னொரு 2000, அயன் 1000 என்றால் 5000 வாட், கிட்டத்தட்ட 22 அம்பியர். கொஞ்ச நேரத்தில் விழும். ஒன்றைக் கழற்றி, பிரேக்கர் ஆற ஐந்து நிமிடம் விட்டு, தூக்குங்கள். குசினிக்கு அதிகம் தேவைப்பட்டால் பெட்டியிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும். 16ஐக் கழற்றி 32 போட்டுவிடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். சுவருக்குள் இருக்கும் வயர் அதே வயர்தான். பிரேக்கர் விழாமல் இருக்கும், வயர் எரியும்.

உடனே விழுந்தால் லைனும் நியூட்ரலும் எங்கோ முட்டியிருக்கிறது. அந்த லைனில் உள்ள எல்லாப் பிளக்கையும் கழற்றி, லைட் சுவிட்சுகளை அணைத்து, ஒரே ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். நின்றால் சாமானில் பிழை. விழுந்தால் வயரிங்கில் பிழை, அதோடு விடுங்கள். முட்டிய வயருக்குத் திரும்பத் திரும்பக் கரண்ட் கொடுத்தால் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் சூடேறும். ஓட்டு வீடுகளில் முகட்டுக்குள் எலி, அணில் அரித்த வயர்தான் பெரும்பாலும் காரணம். சுவிட்ச் பெட்டிக்குள் புகுந்த பல்லியும் எறும்புக் கூட்டமும் அடுத்தது.

கிணற்று மோட்டர்

மோட்டரைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும், இங்கே வீட்டுத் தண்ணீரும் தோட்டத் தண்ணீரும் அதில்தான் நிற்கிறது. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 5, 6 அம்பியர்தான் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதனால் மோட்டருக்கு "சி" வகைப் பிரேக்கர் பூட்டுவார்கள். உறையில் சி16 என்று எழுத்தும் எண்ணும் சேர்ந்திருக்கும். "பி" வகை பூட்டியிருந்தால் மோட்டரில் பிழை இல்லாமலே விழலாம்.

மோட்டர் சுற்றாமல் உறுமினால் உடனே அணையுங்கள். கபாசிட்டர் போயிருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம். இன்னொரு காரணம் வோல்ட் குறைவு. ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் பின்னேரம் எல்லோரும் லைட் போட்டதும் வோல்ட் இறங்கும். அந்த நேரத்தில் மோட்டர் தொடங்கத் திணறி, கரண்டைக் கூட இழுத்துச் சூடேறும். காலையில் பிரச்சினை இல்லை, பின்னேரம் மட்டும் விழுகிறது என்றால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தண்ணீரை விடியவே இறைத்து வையுங்கள், வோல்ட் குறைவை மின்சார சபைக்கு முறையிடுங்கள்.

கிணற்றடியில் மோட்டர் ட்ரிப் சுவிட்சை விழுத்தினால் வயரில் இருக்கும் இணைப்பைப் பாருங்கள், கரண்டை அணைத்துவிட்டுத்தான். இன்சுலேஷன் ரேப் சுற்றிய இணைப்பு மழையில் நனைந்து நிலத்தில் கிடக்கும். மோட்டர் வயர் நடுவில் இணைப்பு இல்லாத ஒரே துண்டாக இருக்க வேண்டும். மோட்டரின் உடலுக்கு எர்த் வயர் போயிருக்க வேண்டும். முல்லைத்தீவுக் கரையோர வீடுகளில் உப்புக்காற்று இணைப்புகளை அரிப்பதால் அவற்றை ஆண்டுக்கு ஒருமுறையாவது பாருங்கள்.

மழையும் இடியும்

முதல் மழைக்கே விழுந்து, வெயில் வந்ததும் தானாகச் சரியாகும் ட்ரிப் சுவிட்சை "அது அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. வெளி லைட்டின் ஹோல்டர், கேற் லைட், குளியலறைக் கூரை, ஓடு ஒழுகும் இடத்தின் கீழுள்ள சுவிட்ச், இவற்றில் ஒன்றுக்குள் தண்ணீர் போகிறது. ஈரம் காயும் வரை அந்த லைனின் பிரேக்கரைக் கீழே வைத்து, மழை விட்டதும் ஆளைக் கூப்பிடுங்கள்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை வரும்போது ட்ரிப் சுவிட்ச் விழுவது சாதாரணம். மின்னல் லைனில் ஏற்றும் அதிர்வுக்கு அது விழும். இடி முழங்கும்போது பெட்டியைத் தொடாதீர்கள். முழங்கி முடிந்த பின் ஒருமுறை தூக்கினால் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் மேலே சொன்ன ஒழுங்கில் தேடுங்கள், மின்னல் எதையோ அடித்திருக்கிறது.

பொத்தானை அழுத்துங்கள்

ட்ரிப் சுவிட்சில் உள்ள அந்தச் சின்னப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கரண்ட் இருக்கும்போது அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அந்தச் சுவிட்ச் செத்துவிட்டது; அன்றே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். இதை ஒருதரமும் அழுத்திப் பார்க்காத வீடுகள் நிறைய உண்டு. ஆனால் பொத்தான் சோதிப்பது சுவிட்சை மட்டும்தான். எர்த் கம்பி அறுந்திருந்தாலும் பொத்தானுக்கு அது விழும். எர்த்தை எலக்ட்ரீசியன் கருவியால்தான் அளக்க வேண்டும், அதுவும் கோடையில் அளந்தால் உண்மை தெரியும்.

சாகடிக்கும் மூன்று வேலைகள்

பன்றிக்கும் யானைக்கும் என்று வேலிக் கம்பியில் வீட்டுக் கரண்டை விடுவது. ட்ரிப் சுவிட்ச் இதை விடாது என்பதால் சிலர் சுவிட்சைக் கழற்றிவிட்டே செய்கிறார்கள். இது சட்டப்படி குற்றம், விடியற்காலை அந்தப் பக்கம் போகும் மனிதரைக் கொல்லும் வேலை. யானை வேலிக்கு அதற்கென்றே செய்த, துடிப்புத் துடிப்பாக மின் விடும் கருவி தனியாக உண்டு.

லைன் போன நேரம் ஜெனரேட்டரை ஒரு வயரால் பிளக் பொயின்ட்டில் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது. அது ட்ரான்ஸ்போமர் வழியாகத் திரும்பி மேல் லைனுக்கு ஏறும், கம்பத்தில் நிற்கும் ஊழியரை அடிக்கும். மாற்றுச் சுவிட்ச் ஒன்று பூட்டித்தான் ஜெனரேட்டரை இணைக்கலாம்.

பிளக்கின் எர்த் காலை உடைத்துவிட்டுப் பாவிப்பது, அல்லது ஓட்டையில் குச்சி விட்டு இரண்டு கால் பிளக்கைத் திணிப்பது. இதோடு அந்தச் சாமானின் பாதுகாப்பு முடிந்துவிடும்.

யாருக்காவது கரண்ட் அடித்துவிட்டால் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச். அதை எட்ட முடியாவிட்டால் காய்ந்த மரத்தடியாலோ பிளாஸ்டிக் கதிரையாலோ ஆளை விலக்குங்கள். மூச்சு இல்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்கிக்கொண்டே 1990 அம்புலன்சை அழையுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இதயத் துடிப்பு பிறகும் தவறலாம்.

எலக்ட்ரீசியனா, மின்சார சபையா

மீற்றர் வரைக்கும் சபையுடையது. கம்பத்திலிருந்து வரும் வயர், மீற்றர், அதன் சீல், எதையும் நீங்களோ உங்கள் எலக்ட்ரீசியனோ தொடக் கூடாது. வயர் அறுந்து தொங்கினால், மீற்றரில் தீப்பொறி தெரிந்தால், லைட் எல்லாம் திடீரென்று மிகப் பிரகாசமாகி, இன்னொரு நேரம் மங்கினால் 1987க்கு அழையுங்கள். கடைசியில் சொன்னது நியூட்ரல் கழன்றதன் அடையாளம். 230ஐ விட மிகக் கூடிய வோல்ட் வீட்டுக்குள் வரலாம். அப்படியானால் அழைக்க முன் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

மீற்றருக்கு இந்தப் பக்கம் நடப்பதற்கு எலக்ட்ரீசியன். காத்திருக்காமல் அன்றே கூப்பிட வேண்டியவை: குழாயையோ பிறிஜ்ஜையோ தொட்டால் மெல்லச் சுரீர் என்பது, பெட்டியில் கருகிய மணம், பிளக் பொயின்ட் சூடாவது, எல்லாம் கழற்றியும் ட்ரிப் சுவிட்ச் நிற்காதது, பொத்தானுக்கு விழாதது. ஒரு வாரத்தில் காரணம் தெரியாமல் இரண்டு மூன்று தடவை விழுவதும் கூப்பிட வேண்டிய விஷயம்தான், அவசரம் மட்டும் கொஞ்சம் குறைவு.

ஆளைத் தெரிவு செய்யும்போது, என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் உள்ளவரா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்துச் சான்றிதழ் எடுத்த பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். மெகர் கொண்டு வருவாரா என்றும் கேளுங்கள். மெகர் என்பது 500 வோல்ட் கொடுத்து வயரின் காப்பை அளக்கும் கருவி. ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும். டெஸ்டர் ஸ்குரூ டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டு கசிவைத் தேடுபவர் ஊகிக்கத்தான் முடியும்.

போனில் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணை, ட்ரிப் சுவிட்ச்தான் விழுகுது, பிரேக்கர் இல்லை. எல்லாப் பிளக்கையும் கழட்டிப் பார்த்திட்டன். மூன்றாவது பிரேக்கரைத் தூக்கினால் விழுகுது. மழை பெய்த பிறகுதான் தொடங்கினது." இவ்வளவு தெரிந்தால் என்ன சாமான் கொண்டுவர வேண்டும் என்று அவருக்கு விளங்கிவிடும், தேடும் நேரத்துக்கான கூலியும் உங்களுக்கு மிச்சம். வேலை முடிந்ததும் எர்த்தையும் அளந்து, அந்த அளவையும் திகதியையும் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பிரேக்கர் குசினி, எது மோட்டர், எது அறை லைட் என்பதையும் அவரே அதில் எழுதிவிட்டுப் போகட்டும்.